முட்டைகோஸ் மேலே ஒரு சிட்டிகை கடுகுத்தூள்!

மணமேல்குடியில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. பெரும்பாலும் முட்டைகோஸ் பொரியல்தான். அம்மா மூடி போட்டு குழைய வேகவைப்பார். வாடை தெருமுனை வரை வரும். ஆனால் தைராய்டு மாத்திரை போடுவதால் அவர் மட்டும் ஒரு வாய்கூடத் தொடமாட்டார்.

முட்டைகோஸ், காலிஃப்ளவர், நூக்கல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். நறுக்கும்போது இவற்றிலுள்ள கந்தகச் சத்து, மைரோசினேஸ் என்ற நொதியோடு சேர்ந்து புதுப் பொருள்களாக மாறுகிறது. பிராக்கோலியில் உருவாகும் சல்ஃபோராபேன் அதில் ஒன்று. செல்களைப் பாதுகாக்க இது உதவுமா என்றுதான் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. புற்றுநோயே குணமாகும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், அதிக சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெந்த பிராக்கோலியில் கடுகுத்தூள் சேர்த்தபோது சல்ஃபோராபேன் கூடியதை 2013-ல் வெளியிட்டார்கள். கடுகிலும் அதே நொதி உண்டே! ஆனால் தாளித்த கடுகு எண்ணெயில் பொரிந்துவிடும், பயனில்லை. பச்சைக் கடுகைப் பொடித்து, அடுப்பை அணைத்து, சூடு தணிந்ததும் தூவுங்கள். நறுக்கிய காயை அரைமணி நேரம் வைத்திருந்து சமைப்பதும் நல்லது.

தைராய்டு இருப்பவர்கள் பச்சையாக ஜூஸ் போட்டுக் குடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். அயோடின் உப்பு சேர்த்துச் சமைத்த பொரியலை அளவாகச் சாப்பிட்டால் பொதுவாகப் பிரச்னை இல்லை. வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் திடீரென அளவைக் கூட்டாமல் டாக்டரைக் கேளுங்கள்.

அம்மாவும் டாக்டரிடம் கேட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, "லேசா காரமா இருக்குடா" என்றார்.