கண்ணிழந்தவனின் பழி

கொரியர் எடுத்த சண்டைப் படங்களைப் பற்றிப் பேசுவோர் பழிவாங்குதலையே முதலிற் கூறுவர். ஆசிரியரைக் கொன்றவனைத் தேடி மாணவன் புறப்படுவான், அடிபடுவான், புதுவித்தை பயின்று மீள்வான். இவ்வளவுதான் கதையெனின் ஒன்றைப் பார்த்தோர்க்கு மற்றொன்று வேண்டியதில்லை. பகைவன் வீழ்ந்ததும் மனக்கணக்கும் தீர்ந்துவிட்டதா என்று வினவும் படங்களும் சில உள. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் நோக்குவோம்.

இயக்குநர் சங் சாங் வா 1928 இற் பிறந்த கொரியர். யப்பானியர் 1910 முதல் 1945 வரை அந்நாட்டை ஆண்டனராதலின் அவரது இளமை அவ்வாட்சியிலேயே கழிந்தது. பின்னாளிற் பெரும்புகழ் எய்திய இம் குவோன் தேக், இவரிடம் உதவியாளராயிருந்து தொழில் பயின்றவர். ஹொங்கொங்கின் ஷோ சகோதரர் நிறுவனத்துக்காகச் சங் எடுத்த 'கிங் பொக்சர்' 1972 இல் வெளிவந்தது; மறு ஆண்டு, மரணத்தின் ஐந்து விரல்கள் என்று பொருள்படும் பெயருடன் அமெரிக்காவில் ஓடியது. மொழியும் கதைக்களமும் சீனம். எனினும் கூலிக்கு வரும் யப்பானிய முரடரைக் காணும்போது இயக்குநரின் தாயகம் நம் நினைவுக்கு வராமற் போவதில்லை.

நாயகன் இரும்புக்கை வித்தையைப் பெறுகிறான். பொறாமை கொண்ட உடன்மாணவன் ஹான் லுங் பகைவருடன் கூடிச் சதிசெய்ய, நாயகனின் கைகள் நொறுக்கப்படுகின்றன. காரியம் முடிந்ததும் அப்பகைவரே ஹான் லுங்கின் கண்களைப் பறித்துவிடுகின்றனர். இவ்வேடத்தை ஏற்ற ஜேம்ஸ் நாம் என்பவரும் கொரியரே.

நாயகனின் உள்ளங்கை சினத்தாற் சிவக்க, அபாயச் சங்கு போன்ற ஓர் ஒலி எழும் காட்சியையே பலரும் பாராட்டுவர். அவ்வொலியை 2003 இல் 'கில் பில்' படத்திலும் கேட்டோம். நம்மைக் கவர்ந்தது வேறு காட்சி. விளக்கணைந்த அறையிலே கண்ணிழந்த ஹான் லுங், பகைத்தலைவனின் மகனுடன் மோதுகிறான். பார்வையுள்ளவன் இருளிலே தடுமாறுகிறான். இவனுக்கோ இருள் பழகிவிட்டது. கண்ணுக்குக் கண் பறிக்கப்படுகிறது.

இங்கே பழி தீர்ந்தது மெய். ஆனால் அவன் காட்டிக்கொடுத்தது தன் சகமாணவனையன்றோ! பகைவனின் கண்களைப் பறித்தமையால் நண்பனின் நொறுங்கிய விரல்களுக்கு ஈடு கிடைத்துவிடுமா? நாயகன் தன் கைகளைத் தன் பயிற்சியினாலேயே மீட்டுக்கொண்டான். அதில் ஹான் லுங்குக்குப் பங்கில்லை. நாயகன் இறுதியில் யப்பானியனைச் சுவரோடு மோதி வீழ்த்தும்போது நாம் கைதட்டுகிறோம். இருட்டறையின் வெற்றிக்கு அவ்வாறு கைதட்ட மனம் வரவில்லை.

இப்படத்தை வீட்டில் வைத்துப் பார்க்க எண்ணுவோர், கண் பறிக்கும் இரு காட்சிகளின்போதும் சிறுவரை அப்பால் அனுப்பிவிடுதல் நன்று.