ஊருக்கு மட்டுமா உபதேசம்?

வீட்டில் ஒரு பிள்ளை மருத்துவபீடத்திற்குத் தெரிவாகிவிட்டால், அன்று தொடக்கம் அப்பிள்ளையே அவ்வீட்டாருக்கு வைத்தியராகிவிடுவது நம்மவர் வழக்கம். அம்மாவின் நீரிழிவுக்கும் அயல்வீட்டு ஆச்சியின் முழங்கால் நோவுக்கும் அப்பிள்ளையிடமே ஆலோசனை கேட்கிறோம். ஆனால், அப்பிள்ளை தன்னைக் காத்துக்கொண்டதா என்று நாம் கேட்பதில்லை. இவ்வாரம் அதனையே கேட்க விழைகிறோம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. எனப்படும் வைரசு. ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனும் அவர்தம் குழுவினரும் 1983இல் அதன் 16ஆம் வகையையும், மறு வருடம் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிற் கண்டனர். இந்நோயுற்றோர் பத்துப் பேரில் ஏறக்குறைய எழுவருக்கு இவ்விரு வகைகளே காரணம். 2006இல் தடுப்பூசியும் வந்தது. எனினும், 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகிற் சுமார் மூன்றரை இலட்சம் பெண்கள் இந்நோயால் மாண்டனர்.

இலங்கையில் 2017ஆம் ஆண்டிலே பாடசாலைகளில் ஆறாந் தர மாணவியருக்கு இத்தடுப்பூசி இலவசமாக ஏற்றும் திட்டம் தொடங்கிற்று. அவ்வேளை ஆறாந் தரத்தைக் கடந்திருந்தோருக்கு அது கிட்டவில்லை. ஆண்பிள்ளைகளும் அத்திட்டத்திற் சேர்க்கப்படவில்லை. அன்று ஒன்பதாம், பத்தாந் தரங்களில் இருந்தவர்களிற் பலர் பின்னர் மருத்துவபீடங்களிற் சேர்ந்தனர். பரீட்சைத் தாளில் இவ்வைரசைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வல்லவர்கள் அவர்கள். தம் கையில் அவ்வூசியை ஏற்றுக்கொண்டவர் எத்தனை பேர்? இந்திய மருத்துவக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் பலவும், அறிந்தவர் பலர், ஏற்றுக்கொண்டவர் சிலர் என்றே காட்டியுள்ளன.

விலை அதிகம் என்பர் சிலர். எமக்கு வராது என்பர் வேறு சிலர். வீட்டிற் கேட்க வெட்கம் என்பாரும் உளர். அந்த வெட்கத்திற்குப் பொறுப்பாளிகள் பெற்றோராகிய நாமே. "மணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு?" என்று முகஞ் சுளிக்கிறோம். இவ்வைரசு பாலுறவின் வாயிலாகத் தொற்றுவது. தொற்றியபின் அதனை அகற்றும் ஆற்றல் தடுப்பூசிக்கு இல்லை. ஆகவே, மணத்திற்கு முந்திய காலமே அதற்கு உகந்த காலம். வெள்ளம் வருமுன் அணை கட்டுவதில் வெட்கம் ஏது? ஆண்களுக்கும் தொண்டைப் புற்று முதலியவற்றை இவ்வைரசு உண்டாக்கும் என்பதால், மகன்மாரையும் மறத்தலாகாது.

ஸ்டெதஸ்கோப்பும் தடித்த புத்தகங்களும் வாங்கிக் கொடுக்கும் நாம், இச்செலவையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோமாக. எத்தனை முறை ஏற்ற வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. ஊசி ஏற்றிய பெண்களும், 35, 45 வயதுகளில் அரசாங்க கிளினிக்கில் நடைபெறும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

நாளை ஒரு தாய், "டொக்டர், என் மகளுக்கு இதைப் போடலாமா?" என்று தயங்கி நிற்பாள். "நானே போட்டுக்கொண்டேன், அம்மா" என்னும் ஒரு சொல், ஆயிரம் விரிவுரைகளினும் அவள் நெஞ்சைத் தேற்றும்.