கொடையும் ஒரு கல்வியே

பள்ளிச் சுவரில் பதித்த கல்வெட்டை மாணவர்கள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அவ்வகுப்பறை இன்னாருடைய நன்கொடை என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் ஏன் கொடுத்தார், கொடுத்த பொருள் எவ்வாறு வகுப்பறையாயிற்று என்று வினவுவோர் மிகச் சிலரே. ஈகை உயர்ந்த பண்பு என்று போற்றுவதோடு பாடம் முடிந்துவிடுவதுண்டு. அது செயலாகும் முறையையும் அறிந்தால்தான் இளையோர் அதனால் முழுப்பயன் பெறுவர்.

உயிலும் வழக்கும்

ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் துபாஷியாகப் பணியாற்றிப் பெரும்பொருள் ஈட்டியவர் பச்சையப்ப முதலியார். 1794இல் மறைவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென ஒதுக்கி அவர் உயில் எழுதினார். ஆனால், அவர் எண்ணியவாறு அறம் உடனே நடைபெறவில்லை. நிதி வழக்கில் சிக்கியது. நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்ட நிதியைக் கொண்டு 1842இல்தான் சென்னையில் பள்ளி தொடங்கப்பெற்றது. கொடையாளர் மறைந்து 48 ஆண்டுகள் சென்றபின்பே பள்ளி மணி ஒலித்தது. அப்பள்ளியிலிருந்து வளர்ந்த பச்சையப்பன் கல்லூரியில் கணித மேதை இராமானுசன் பயின்றார். பேரறிஞர் அண்ணாவும் பயின்றார்.

கொடுக்கும் மனம் மட்டும் போதாது. கொடுத்ததைக் காக்கும் நிருவாகமும், கணக்குக் கேட்கும் சமூகமும் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. கணக்குக் கேட்பது நன்றி மறத்தல் அன்று; கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. இதனை உணர்ந்த மாணவர், ஊர்த் திருவிழா நிதியாயினும் இணையவழித் திரட்டும் உதவித்தொகையாயினும், அது உரியவரைச் சேர்ந்ததா என ஆராய்வார்.

ஊர்கூடிக் கொடுத்தல்

கொடை செல்வர்க்கே உரியது, பொருள் ஈட்டாத மாணவர்க்கு அதைப்பற்றிய கல்வி எதற்கு என்று கேட்போர் உளர். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அதற்கு விடையாகும். கல்வித்துறைக்குத் தலைமையேற்றிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். பள்ளியின் தேவைகள் பட்டியலிடப்பட்டன. ஊரார் இயன்றதை வழங்கினர். ஒருவர் கரும்பலகை தந்தார். ஒருவர் நாற்காலி தந்தார். வசதியுள்ளவர் கட்டடம் எழுப்பினார். அரசின் கடமைக்கு மாற்றாக அன்றி, அதற்குத் துணையாகவே அக்கொடை அமைந்தது. கொடுத்தபின் அது அரசுப்பள்ளி மட்டுமன்று, 'எங்கள் பள்ளி'யும் ஆயிற்று.

மாணவரிடமும் கொடுப்பதற்கு உண்டு. கீழ்வகுப்பு மாணவனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அரைமணி நேரமும், முதியவருக்கு வங்கிப்படிவம் நிரப்பித்தரும் உதவியும் கொடையே. பதினெட்டு வயது நிரம்பியபின் குருதிக்கொடைக்கும் வழி உண்டு. ஊரின் தேவையைக் கண்டறிதல், கூடிப் பேசித் திட்டமிடுதல், சொன்னதைச் செய்து முடித்தல் ஆகியவற்றை எந்தத் தேர்வும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

பெறுவோர் மாண்பு

ஒரு பை அரிசி கொடுப்பதற்குள் பத்து ஒளிப்படம் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படத்தில் கொடுப்பவர் புன்னகைக்கிறார். பெறுபவர் தலைகுனிந்து நிற்கிறார். அவரது வறுமை ஊரறியக் காட்சியாகிறது. அவரிடம் பயிலும் வயதில் ஒரு மகள் இருந்தால், மறுநாள் அவள் வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைவாள்? உதவி தேவைப்படும் நிலை எவர்க்கும் வரலாம். அதனை உணர்ந்து, பெறுபவர் கூசாதவாறு கொடுக்கப் பழகுதலே கொடைக்கல்வியின் உயர்நிலை.

கல்வெட்டில் இடம்பெற்ற பெயர்கள் சில. கரும்பலகை தந்தவர், கல் சுமந்தவர், கணக்கைக் காத்தவர் எனப் பெயர் பொறிக்கப்படாதோர் பலர். அவர்கள் அனைவருடைய கொடையின்மீதுதான் இன்றைய மாணவர் அமர்ந்து பயில்கிறார். அதனை அறிந்தவர், அடுத்து வருவோர்க்குத் தாம் விட்டுச்செல்வது யாது என்று எண்ணத் தொடங்குவார்.