சீனியர்களின் ரகசிய ஃபார்முலா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு நீளமான புலம்பல். மாடல் விமானம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் படிக்கலாம். கெமிஸ்ட்ரி லேபில் கண்ட பாட்டிலையும் திறந்து மோந்து பார்க்கிற நம்ம வகுப்பு நண்பர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். :-)

நான் என்.சி.சி. ஏர் விங்கில் இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கும்போது கிரவுண்டில் 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது நாங்கள்தான். பால்சா கட்டையில் செய்த விமானம், அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி, மறுமுனையில் ஒரு கைப்பிடி. பிடித்திருப்பவன் நடுவில் நின்று விமானத்தோடு சேர்ந்து சுற்றவேண்டும். கன்ட்ரோல் லைன் என்று பெயர். விமானத்தின் மூக்கில் இருப்பது 2.5 சிசி டீசல் இன்ஜின்.

டீசல் என்றதும் பங்குக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் வருஷத்தில் நான் அப்படித்தான் கேட்டேன். "அண்ணா, பங்க்ல ஒரு லிட்டர் வாங்கிட்டு வரட்டுமா?" அன்றைக்கு விழுந்த பட்டப்பெயர் 'பங்க்'. இரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் யூனிட்டில் எரிபொருள் கலக்கிற உரிமை ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தருக்கு மட்டும்தான். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பார். அரைமணி நேரம் கழித்து பாட்டிலோடு வெளியே வருவார். அளவு என்ன என்று கேட்டால், "அதெல்லாம் கைப்பக்குவம்டா தம்பி". கைப்பக்குவம் வத்தக்குழம்புக்குச் சரி. பற்றிக்கொள்கிற சமாச்சாரத்துக்கு எதற்கு?

அவர் படிப்பு முடிந்து போகும்போது எங்களுக்கு விட்டுப்போனது அரை பாட்டில் கலவையும் ஒரு வாக்கியமும்: "ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூணும் சமம்." ஏன் சமம் என்று சொல்லவில்லை. நாங்களோ மெக்கானிக்கல் மாணவர்கள். தெர்மோடைனமிக்ஸ் ஒரு செமஸ்டர் படித்தாகிவிட்டது, கேட்கவேண்டுமா? "டேய், டூ ஸ்ட்ரோக் பைக்குக்கே லிட்டருக்கு 20 மில்லி ஆயில்தான். இதுக்கு எதுக்குடா மூணுல ஒரு பங்கு? அவர் பழைய ஆளு" என்று பேசி முடித்து, எண்ணெயைப் பத்து சதவீதமாகக் குறைத்தோம். முதல் டேங்க் பிரமாதம். இரண்டாவதும் பிரமாதம். மூன்றாவதில் ஒரு 'க்ரீச்', புரொப்பெல்லர் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. கேம்புக்கு இருபது நாள் இருந்தது, யூனிட்டில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே இன்ஜின் அது. அந்த வருஷம் கேம்பில் மற்றவர்கள் பறக்கவிட்டதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம்.

தப்பு எங்களுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் அளவை மட்டும் கையில் கொடுத்தால், கொஞ்சம் படித்தவன் அதை மாற்றத்தான் பார்ப்பான்.

காரணம் ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக்காட்டிய இன்ஜினில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, கடைசி நேரத்தில் எரிபொருளை உள்ளே செலுத்துவார்கள். நம்ம பொடியனில் அந்த ஏற்பாடே கிடையாது. இன்ஜெக்டர் இல்லை, ஸ்பார்க் ப்ளக்கும் இல்லை. ஒரு ஊசி வால்வு வழியாக எரிபொருளும் காற்றும் முன்னாலேயே கலந்து உள்ளே போகும், அழுத்தத்தில் சூடாகும், தானாகவே பற்றவேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை சிலிண்டர் தலையில் இருக்கிற திருகைத் திருப்பி நாம்தான் சரிசெய்யவேண்டும்.

இந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் மட்டும் இருந்தால் ஸ்டார்ட் ஆவது பாடு. ஈதர் சுமார் 160 முதல் 180 டிகிரியிலேயே தானாகப் பற்றும். ஆக ஈதர்தான் தீக்குச்சி. தீக்குச்சியை வைத்துச் சமைக்கமுடியாது. சக்தி தருவது மண்ணெண்ணெய். கிலோவுக்கு மண்ணெண்ணெயில் சுமார் 43 மெகாஜூல், ஈதரில் சுமார் 34. 'ஈதர் நிறைய ஊத்தினா பவர் ஏறும்' என்று ஒரு மூடநம்பிக்கை சுற்றுகிறதே, அதற்குப் பதில் இதுதான்.

மூன்றாவது ஆள் விளக்கெண்ணெய். நம்ம ஊரில் ஒருத்தனைத் திட்டவேண்டுமென்றால் "போடா விளக்கெண்ணெய்" என்போம். பாவம், இதில் அதிகம் உழைப்பதே அதுதான். இந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங் கிடையாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைப்பாக நிற்பதே எண்ணெய்ப் படலம்தான். பேரிங்குக்கும் தனி ஆயில் கிடையாது, எரிபொருளோடு வருவதுதான் எல்லாம். போகிறபோக்கில் சூட்டையும் வாங்கிக்கொண்டு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியே தெறிக்கும். விமானம் முழுக்கப் பிசுபிசுப்பாக இருப்பது அதனால்தான். முதல் உலகப்போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களிலும் இதே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் ஆயிலிலிருந்து வந்தது. இவ்வளவு பெரிய மனுஷனைத்தான் நாங்கள் பத்து சதவீதத்துக்கு இறக்கினோம்.

இன்னொரு விஷயம் எனக்கே போன வருஷம்தான் தெரியும். விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஒன்றோடொன்று சேராது. ஒரு கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மாமியார் மருமகள் மாதிரி தனித்தனியாக நிற்கும். இரண்டையும் சேர்த்துவைப்பது ஈதர். அதனால் முதலில் விளக்கெண்ணெய், அதில் ஈதர், நன்றாகக் கரைந்த பிறகு மண்ணெண்ணெய். பாட்டிலில் இருக்கிற கலவை பிரிந்தோ கலங்கியோ தெரிந்தால், ஈதர் ஆவியாகிப் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அண்ணன் விட்டுப்போன அரை பாட்டில் அப்படித்தான் கலங்கிக் கிடந்தது. நாங்கள் 'பழசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டு வேறு கலக்கினோம்.

இன்ஜின் போனதோடு முடிந்திருந்தால் இந்தப் புலம்பலே இருந்திருக்காது.

அடுத்த வருஷம் மே மாதம். லீவில் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர்தான். ஷெட் சாவி கிடைக்கவில்லை என்று அறையிலேயே கலக்க உட்கார்ந்தோம். வார்டனுக்கு வாசனை போகக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினோம். (இந்த வரியை அடிக்கும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.) ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதத்து அறையில் அதைத் திறந்து புனலில் ஊற்றுவது, கொதிக்கிற தண்ணீரைத் திறந்துவைப்பது மாதிரி. கிளம்புகிற ஆவி காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். கதவோரம் உட்கார்ந்திருந்த நண்பன், எங்களிடமிருந்து எட்டடி தள்ளித்தான் இருந்தான், கொசுவர்த்தி ஏற்றத் தீப்பெட்டியை உரசினான்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. 'புஸ்'. தரையில் நீலமாக ஒரு அலை ஓடியது. புனல், பாய், தொங்கிக்கொண்டிருந்த லுங்கி எல்லாம் பிடித்தது. நல்லவேளை, ஊறவைத்த பெட்ஷீட் ஒன்று பக்கெட்டில் இருந்தது, அதைப் போட்டு அமுக்கினோம். நண்பனின் கணுக்காலும் பாதமும் வெந்துவிட்டன. இரண்டு மாதம் செருப்புப் போடமுடியவில்லை. அவன் அம்மா ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் பார்த்து, "நீங்கள்லாம் இன்ஜினியருக்குத்தானேப்பா படிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கூட்டம் போட்டார்கள். ஒரு கட்சி, இனி கலப்பதே கூடாது, எல்லாம் எலெக்ட்ரிக் மோட்டாருக்கு மாறட்டும் என்றது. இன்னொரு கட்சி நம்ம சீனியர்கள். "இதுக்குத்தான் நாங்க யாருக்கும் சொல்றதில்ல. தெரிஞ்சா கண்டவனும் கலப்பான்" என்றார்கள்.

எலெக்ட்ரிக் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. பேட்டரியை மாட்டினால் பறக்கிறது, கை நாறுவதில்லை, புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அதுதான் நல்லது. ஆனால் அலமாரியில் டீசல் இன்ஜின் இருக்கிறவரை எவனாவது ஒருத்தன் அதை ஓட்டிப்பார்க்க ஆசைப்படுவான். வெளிப்படையாகத் தடுத்தால் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பான். எங்களுக்கு நடந்தது அதுதானே? சீனியர் கட்சிக்குத்தான் என் பதில். யாருக்கும் சொல்லாததால் கண்டவன் கலக்காமல் இருந்தானா? கண்டவன் நாங்கள்தான். கலந்தோம். அளவு தெரிந்தது, ஆவி தரையில் தவழும் என்பது தெரியவில்லை. அந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம்.

பொருள் வாங்குகிற கதையும் இப்படித்தான், எல்லாம் காதும் காதும் வைத்தமாதிரி. பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் ஈதர் கேட்டேன். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜ் தம்பி? லெட்டர் இருக்கா?" என்றார். எனக்கு அப்போது கடுப்பு. இப்போது அவர் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. 1846-ல் மயக்கமருந்தாக உலகத்துக்கு அறிமுகமான அதே ஈதர்தான், 1988 ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் கண்காணிப்புப் பட்டியலிலும் இருக்கிறது. அரும்பு மீசைப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டால் அவர் யோசிக்கத்தான் செய்வார். இரண்டு கடை தள்ளி ஒருத்தர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அந்தக் கண்ணாடி பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றி, கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி, கையில் பேரக்குழந்தை. நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

இப்போது எங்கள் ஆபீசர் சார் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் வழியாகத்தான் வருகிறது. அரை லிட்டர் பழுப்பு பாட்டில், ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஈதரைத் திறந்து மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து பெராக்சைடு உண்டாகும், அது வெடிக்கக்கூடியது. அதனால் மூடியில் திறந்த தேதி எழுதுகிறோம். இதைச் சம்மதிக்கவைக்க ஒரு செமஸ்டர் அலைந்தேன் என்பது தனிக்கதை.

கிருஷ்ணாயிலுக்கு ரேஷன் நீல எண்ணெயைத் தொடுவதில்லை. அது அடுப்புக்கும் விளக்குக்கும் கொடுப்பது, வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படியே தப்பு. வெளியில் விற்கிற வெள்ளை மண்ணெண்ணெய்தான் வாங்குகிறோம். விளக்கெண்ணெய் நாட்டுமருந்துக் கடையில் சுத்தமானதாகப் பார்த்து வாங்கவேண்டும். பூஜைச் சாமான் கடையில் 'தீப எண்ணெய்' என்று இருக்குமே, அது பல எண்ணெய்களின் கூட்டணி ஆட்சி, வேண்டாம். பற்றுவதைச் சீராக்க ஒன்றரை சதவீதம் ஐசோப்ரொப்பைல் நைட்ரேட்டோ அமைல் நைட்ரேட்டோ சேர்ப்பார்கள். நைட்ரேட், நைட்ரேட், நைட்ரேட்! அமைல் நைட்ரைட் என்பது வேறு, இதய நோய்க்குப் பயன்பட்ட மருந்து. ஒரு எழுத்துதானே என்று நினைக்காதீர்கள். நைட்ரேட்டையும் கூடுதலாக ஊற்றினால் கலவை சீக்கிரமே பற்றி, இன்ஜின் தட்டித் தட்டி கனெக்டிங் ராடுக்கு ஆபத்தாகிவிடும். எங்களுக்கு அது கிடைப்பதே அபூர்வம், பெரும்பாலும் இல்லாமல்தான் ஓட்டுகிறோம்.

அளவு இதோ, எல்லோருக்கும். புது இன்ஜினுக்கும் பழைய இன்ஜினுக்கும் மூன்றும் சமம். நன்றாக ஓடிப் பழகினதற்கு ஈதர் 30, மண்ணெண்ணெய் 45, விளக்கெண்ணெய் 25. இருபதுக்குக் கீழே எண்ணெயை இறக்கலாம் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், பிடித்துப்போன பிஸ்டனைக் காட்டுகிறேன். வெட்டவெளியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், சுற்றுவட்டாரத்தில் நெருப்பே இல்லாமல் கலக்கவேண்டும். இவ்வளவையும் காரணங்களோடு ஒரு சார்ட் பேப்பரில் எழுதி ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் பிரிந்து நிற்கிற குப்பி ஒன்றும் பக்கத்து ஜன்னலில் இருக்கிறது. முதல் வருஷத் தம்பிகள் வந்ததும் அதைக் குலுக்கிப் பார்க்கிறார்கள்.

ஒட்டின அன்றைக்கு ராத்திரி அந்தப் பழைய அண்ணனுக்கு போன் போட்டேன். ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டு, "எனக்கே அளவு தெரியாதுடா பங்க்" என்றார். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, மூணுலயும் ஒவ்வொரு டம்ளர்னு சொன்னார். அவ்வளவுதான். கேட்டா அசிங்கமாயிடும்னு கதவைச் சாத்திக்குவேன்."

டம்ளர் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. லேபில் கொண்டுபோய் அளந்து பார்த்தோம். 110 மில்லி.