வெள்ளை நாயின் கண்ணடிக் கறை: துடைக்க முதல் பாருங்கோ

வெள்ளை நாய் வளர்க்கிற ஆட்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று இருக்கு. "கண்ணுக்குக் கீழ இருக்கிற இந்த மண்ணிறக் கோட்டை எப்பிடிப் போக்கிறது?" பொமரேனியன், ஜப்பானிய ஸ்பிட்ஸ், ஷிட்ஸு, அல்லது ரோட்டில் பிறந்த வெறும் வெள்ளைக் குட்டி என்று எது வளர்ந்தாலும் இந்தக் கோடு எல்லாருக்கும் பழக்கம். கண்ணின் உள்மூலையில் தொடங்கி மூக்கோரம் வரைக்கும் துருப்பிடித்த தகரத்தில் தண்ணி வழிந்த மாதிரி இறங்கும்.

அந்தக் கேள்வியே பிழை என்பதுதான் எங்கட அபிப்பிராயம். கறையை எப்படிப் போக்குவது என்று கேட்க முதல், கண்ணீர் ஏன் வெளியே வழிகிறது என்று கேட்கவேணும். இரண்டு கேள்விக்கும் இடையில் சில நாய்களின் பார்வையே போய்விடுகிறது.

ஆட்ஸ் பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். எங்களோடு விரிவுரை மண்டப வாசலிலும் கன்டீன் மேசைக்குக் கீழும் படுத்துக் கிடக்கிறது இந்த நாய்கள்தானே. அதோடு, நாங்கள் இருக்கிற ஊரையும் யோசித்துப் பாருங்கள். நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் ஒரே பீடம் பேராதனையில்தான் இருக்கு. விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையில். இந்த விசயத்தைக் கதைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை.

கறை எங்கிருந்து வருகுது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்ப்போம். அந்த மண்ணிறம் ஊத்தை இல்லை. உடம்பில் பழைய சிவப்பு இரத்த அணுக்கள் உடையும்போது போர்பிரின் என்ற பொருள்கள் மிஞ்சும். அதில் ஒரு பங்கு கண்ணீரிலும் எச்சிலிலும் வெளியேறும். அந்தக் கண்ணீர் மயிரில் ஊறி, வெளிச்சம் பட்டுக் காயக் காய நிறம் செம்மண்ணாக மாறுகிறது. வெள்ளை நாய் ஓயாமல் நக்குகிற பாதமும் இதே நிறத்துக்கு வருவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் எச்சிலில் உள்ள போர்பிரின்தான். அப்படிக் கண்டால் பாதத்தில் கடி அல்லது அலர்ஜி இருக்குதா என்று பார்க்கவேணும்.

கண்டி, பேராதனைப் பக்கத்து மழையும் ஈரமும் இதைக் கூட்டிவிடும். முகத்து மயிர் காயாமல் கிடந்தால் ஈஸ்ட் வகைப் பூஞ்சணம் வளரும். கறை இன்னும் கருஞ்சிவப்பாகி, புளித்த மணமும் வரும்.

கறுப்பு நாயின் கண்ணீரிலும் இதே போர்பிரின் இருக்கு. கறுப்பு மயிரில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். வெளிர்நிறம் கண் நோயை உண்டாக்குவதில்லை, காட்டிக்கொடுக்கிறது.

எங்கட கன்டீன் பக்கம் இரண்டு நாய்கள் சேர்ந்தே திரியும். ஒன்று வெள்ளை, பெயர் சுது. மற்றது கறுப்பு, பெயர் களு. சுதுவின் முகக் கோட்டைப் பற்றி ஒவ்வொரு பட்ஜும் ஏதாவது ஒரு யோசனை சொல்லும். களுவைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் சோறு வைக்கிற அக்காதான் தடவிப் பார்த்துவிட்டு, "இதுட கன்னம் ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சு கிடக்கு பிள்ளையள்" என்றா. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால், மூன்றாம் இமைக்குள் ஒரு புல் முனை. கருவிழியில் புண். நேரத்துக்குக் காட்டியதால் கண் தப்பியது. பல வருசமாகக் கோட்டோடு திரிகிற சுதுவுக்குக் கண்ணில் பெரிய கோளாறு எதுவும் இல்லை.

தண்ணி ஏன் வழியுது?

ஹொஸ்டல் பாத்ரூமில் தண்ணி நிறைந்து வழிந்தால் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, பைப் அளவுக்கு மீறித் திறந்திருக்கு. மற்றது, ஓட்டை அடைபட்டிருக்கு. நாயின் கண்ணும் அப்படித்தான்.

கண்ணின் உள்மூலையில் மேலிமைக்கும் கீழிமைக்கும் ஒவ்வொரு சிறு துளை உண்டு. கண்ணீர் அதன் வழியாக மெல்லிய குழாயில் இறங்கி மூக்குக்குள் போகவேணும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே அந்தத் துளை திறப்பதில்லை. சிலதுக்குச் சளியும் அழற்சியும் குழாயை அடைக்கும். முகம் தட்டையான நாய்களில் குழாய் வளைந்து நெளிந்து போவதால் வடிகால் எப்போதும் சரியாக வேலை செய்யாது. இது அடைபட்ட ஓட்டையின் கதை.

கண்ணை ஏதாவது உறுத்தினாலும் தண்ணி கூடும். இமை உள்ளே மடிந்து மயிர் கண்ணில் உரசும். இமை விளிம்பிலே வேண்டாத இடத்தில் மயிர் முளைக்கும். தூசி, புகை, அலர்ஜி, புண், கண் அழுத்தம் எல்லாம் இதில் சேரும். எங்கட நாட்டில் உண்ணியையும் மறக்கக் கூடாது. உண்ணி பரப்புகிற எர்லிக்கியா என்ற கிருமி கண்ணின் உள்ளே அழற்சியை உண்டாக்கி, குருடாக்கவும் கூடும்.

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் ஏற்கெனவே இருப்பது வசதி. தெளிந்த தண்ணியாக வருவது கண்ணீர். திரண்டு ஒட்டுவது பீளை. மயிரில் மிஞ்சுவது கறை. மூன்றையும் ஒன்றாக "கண் ஊத்தை" என்று சொல்லிவிட்டால் வைத்தியருக்கு விசயம் போய்ச் சேராது. குட்டியில் இருந்தே இரண்டு கண்ணிலும் ஒரே அளவு கறை, நாயும் கண்ணை நன்றாகத் திறக்கிறது என்றால் அவசரம் இல்லை, அடுத்த தடுப்பூசி நாளில் காட்டலாம். மஞ்சளாக, பச்சையாகப் பீளை ஒட்டினால் தொற்று இருக்கலாம், கண் வறட்சியும் இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பீளையோடு காய்ச்சல், இருமல், மூக்கால் சளி வந்தால் டிஸ்டெம்பரை நினைக்கவேணும். ஒற்றைக் கண் திடீரென்று வழிவது, கண்ணைச் சுருக்குவது, காலால் தேய்ப்பது, கருவிழி நீலமாக மங்குவது இதில் எது நடந்தாலும் அன்றைக்கே கொண்டுபோகவேணும்.

வெள்ளையாக்கும் போத்தல்கள்

கறையை மட்டும் குறிவைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. பொடி, திரவம், துடைப்புத் தாள் என்று பல வடிவம். முன் படம், பின் படம் போட்ட விளம்பரம். சிவப்பழகு கிரீம் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த இரண்டு படமும் நன்றாகவே விளங்கும்.

இதன் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கண்ணீர்க் கறை நீக்கிகளை விற்ற சில கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. காரணம், அந்தப் பொடிகளில் டைலோசின் என்ற நுண்ணுயிர்கொல்லி இருந்தது. கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் நோய்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. நாய்க்கு அங்கே அனுமதியே இல்லை. மனிதருக்குக் கொடுக்கிற எரித்ரோமைசினின் குடும்பம். ஒரு நாயின் முகம் போட்டோவில் வெள்ளையாகத் தெரியவேணும் என்பதற்காக, நோயே இல்லாத உடம்புக்கு மாதக்கணக்கில் நுண்ணுயிர்கொல்லி கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தினால் கறை திரும்பவும் வரும். ஆனால் அந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் நாயோடும் வீட்டு ஆட்களோடும் மிஞ்சலாம்.

எங்கட பக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து பார்மசிச் சொட்டு மருந்து. "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி, மனிதருக்கான சொட்டு மருந்தை வாங்கி நாய்க்கு விடுகிறது. அவற்றில் சிலதில் டெக்ஸாமெத்தசோன் மாதிரியான ஸ்டீரோயிட் கலந்திருக்கும். சிவப்பு உடனே குறைவதால் மருந்து வேலை செய்யுது என்றே தோன்றும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால், ஸ்டீரோயிட் அதை ஆற விடாது, புண் ஆழமாகி விழி ஓட்டையாகவும் கூடும். புண் இருக்கா இல்லையா என்று வெறும் கண்ணால் எப்போதும் தெரியாது. வைத்தியர் புளோரசீன் என்ற சாயத்தை விட்டுப் பார்ப்பார். புண் இருக்கிற இடம் பச்சையாக மின்னும். அதே சாயம் சற்று நேரத்தில் மூக்கால் வந்தால் குழாயும் திறந்திருக்கு என்று அர்த்தம். கண் வறட்சிக்கு இன்னொரு சோதனை. அளவு போட்ட தாளைக் கீழிமைக்குள் 1 நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் பொதுவாகச் சரி, 10க்குக் கீழே என்றால் வறட்சியைச் சந்தேகிக்கவேணும். சில நிமிடத்தில் முடிகிற சோதனைகள். இதைத் தாண்டிப்போய்ச் சொட்டு மருந்து வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை.

வெள்ளை மேல் ஏன் இந்த ஆசை?

நிறம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று மேலே சொன்னோம். ஆனால் நிறத்துக்காகவே நாயைப் பெருக்கும்போது நிறமும் நோயோடு சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் தமிழருக்குப் பெருமையான இனம். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய் முத்திரைகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அடையாளம். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அறியப்பட்ட பிரச்சினை. நிறமிக் கலங்கள் தோலுக்கு மட்டும் இல்லை, உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்து சில வாரத்திலேயே கேள்திறன் போய்விடும். எல்லா வெள்ளையும் இப்படி இல்லை. ஸ்பிட்ஸ் நாய்க்கு மூக்கும் இமை விளிம்பும் கறுப்பாக இருப்பதைப் பாருங்கள். அங்கே நிறமி இருக்கு. அந்த வெள்ளை வேறு வழியில் வந்தது. இப்போது புதினமாகப் பார்க்கப்படுகிற மெர்ல் என்ற புள்ளி நிறத்தில் இரண்டு நாயை இணைத்தால், 4 குட்டியில் 1 குட்டிக்கு அந்த மரபணு இரண்டு பக்கத்தில் இருந்தும் வர வாய்ப்பு. அவை பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். செவிடாகவோ, கண் சிறுத்தோ, பார்வை இல்லாமலோ இருப்பது சாதாரணம்.

முகம் தட்டையான நாய்களின் கதையும் இதுவே. 2003இல் இந்தியாவில் ஹட்ச் கம்பனியின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் ஒரு பையன் பின்னால் நடந்தது. அதற்குப் பிறகு பக் குட்டிக்கு வந்த கிராக்கி பலருக்கு ஞாபகம் இருக்கும். பக் நாயின் உடம்பு வெளிர்நிறம், முகம் மட்டும் கறுப்பு. அதனால் கறை தெரியாது. ஆனால் கண்குழி ஆழமில்லாததால் விழி வெளியே தள்ளி நிற்கும். புண் வருவதும், மூக்கு மடிப்பு உரசிக் கருவிழி மங்குவதும் அந்த இனத்தில் அதிகம். கோடு இல்லாத முகம் சுகமான முகம் என்று நம்பினால் பக் நாய்க்கு அநியாயம் செய்வோம்.

செய்யக்கூடியது

கறைக்கு வீட்டு வைத்தியம் மிகச் சாதாரணம். கொதித்து ஆறின தண்ணியில் சுத்தமான துணியை நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு துணி என்று, கண்ணில் இருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கோ. பிறகு காய விடாமல் விட்டுவிடாமல், உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கோ. கண்ணை உரசுகிற மயிரைத் தெரிந்த ஆளைக் கொண்டு கத்தரியுங்கோ. ஹைட்ரஜன் பெரொக்சைட், ப்ளீச், எலுமிச்சம் புளி எதையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீங்கோ. குட்டி எடுக்கிற யோசனை இருந்தால் தாய் நாயின் கண்ணை நேரில் பாருங்கோ. மயிர் வெட்டி, பவுடர் பூசிக் காட்டுகிற இடத்தில் வாங்காதீங்கோ. கெம்பஸில் வீடு தேடுகிற குட்டிகளில் கறுப்பும் மண்ணிறமும்தான் கடைசி வரைக்கும் மிஞ்சும். அதில் ஒன்றை எடுங்கோ. எடுத்தபின் கிழமைக்கு ஒரு தரமாவது இரண்டு கன்னத்தையும் கையால் தடவிப் பாருங்கோ.

இதில் ஆட்ஸ்காரர் எங்களுக்கும் நேரடியாக ஒரு வேலை இருக்கு. மருந்துத் துண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிளினிக்கில் நடக்கும் கதை பெரும்பாலும் சிங்களத்தில். ஹட்டனிலோ வவுனியாவிலோ வாகரையிலோ இருக்கிற ஓர் அம்மா தன் நாயின் கண்ணைப் பற்றி விளக்கமாகச் சொல்ல முடியாமல் "கண் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறா. எது அவசரம், எது அவசரமில்லை என்று ஒரே பக்கத்தில், மூன்று மொழியில், படத்தோடு ஒரு சுவரொட்டி செய்ய நாங்கள் தொடங்கியிருக்கிறோம். மருத்துவப் பகுதியை வெட் பீடத்து நண்பர்கள் பார்த்துத் தருவார்கள். எங்களுக்குச் சொற்கள் வேணும். உங்கட ஊரில் பீளைக்கு என்ன சொல்லுவார்கள், இமை உள்ளே மடிவதற்கு, கண் மங்குவதற்கு என்ன சொல்லுவார்கள் என்று அம்மம்மாவிடமோ ஆடு மாடு வளர்க்கிற மாமாவிடமோ கேட்டு எழுதி அனுப்புங்கோ.