எந்தக் கம்பெனி நல்லது?

“எந்தக் கம்பெனியின் கைபேசித் தொடர்பு நல்லது?” என்று கேட்போர் அநேகர். “எந்த இடத்தில்?” என்று திருப்பிக் கேட்பதே தக்க மறுமொழி.

செங்கோட்டைக்கு மேற்கே, கேரளம் செல்லும் மலைப்பாதையின் வாயிலில் இருப்பது புளியறை. கைபேசி அலைகள் மலையைத் துளைத்துச் செல்வதில்லை. குன்றின் மறைவில் மங்கிவிடும். ஆகவே, தென்காசியில் கணீரென்று பேசும் கம்பெனி இங்கே ஊமையாகலாம்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வகுத்த விதிகளின்படி, கம்பெனிகள் தத்தம் அலைவீச்சுப் படத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது முதற்படி. ஆனால் படம் ஊரைக் காட்டுமேயன்றி நம் வீட்டு உள்ளறையைக் காட்டாது. வெவ்வேறு கம்பெனிக் கைபேசி வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைத்து, அவ்வறையில் நின்று பேசச் செய்து பரீட்சித்துப் பாருங்கள். பலரும் பேசும் மாலை வேளையில் மற்றொரு முறை பாருங்கள்.

எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011 முதல் நாடெங்கும் உண்டு. எனினும், ஒரு முறை மாறினால் மறுபடி மாற 90 நாள் காத்திருக்க வேண்டும். நள்ளிரவில் வைத்தியரை அழைக்க நேரும் குடும்பத்துக்கு அது சிறிய காலமன்று. கட்டணத்தில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பது சிக்கனந்தான். அந்த ஓர் அழைப்பு போய்ச் சேராவிட்டால், அச்சிக்கனத்தால் என்ன பயன்?