சிறுத்தையின் குரல்

விலங்கைக் குலக்குறியாகக் கொண்ட இரகசியச் சங்கம் என்றதும் காட்டையும் மூர்க்கத்தையுமே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அது பிழை என்பேன். இன்றைய நைஜீரியாவின் துறைமுக நகரமான காலபாரில் எஃபிக் மக்களின் சங்கத்துக்கு 'எக்பே' என்று பெயர்; சிறுத்தை என்பது பொருள். முகமூடி அணிந்தவர் தெருவில் ஆட, மறைவிடத்தில் முரசைத் தேய்த்து எழுப்பும் உறுமலே சிறுத்தையின் குரலாயிற்று. அதற்கு அஞ்சி வணிகர்கள் கடனைத் தீர்த்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த வணிகம் பெரும்பாலும் மனிதரை விற்பதாகவே இருந்தது.

விற்கப்பட்டவர்களோ அதே சிறுத்தையைத் தம்மோடு கியூபாவுக்குக் கொண்டுசென்றனர். 1836இல் ஹவானாத் துறைமுகத்தை ஒட்டிய ரெக்லாவில் அது 'அபகுவா' என்னும் சகோதரச் சங்கமாக மறுபிறவி எடுத்தது. ஊரும் பெயரும் பறிக்கப்பட்டோருக்கு அங்கே உறவு கிடைத்தது. நோயில் உதவியும் சாவில் மரியாதையும் கிடைத்தன. 1863இல் வெள்ளையரும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கு மட்டும் இன்றுவரை இடமில்லை.

விற்றவனுக்கும் விற்கப்பட்டவனுக்கும் குலக்குறி ஒன்றே என்பதுதான் என்னை உறுத்துகிறது. முகமூடியைக் கண்டு முகஞ்சுளிக்கும் முன் நாம் கேட்கவேண்டியது இதுதான்: அந்த உறுமல் கேட்டு நடுங்கியவர் யார், ஆறுதல் பெற்றவர் யார்?